எட்டுக்கால் சிப்பின் ஞாபகம்

மஞ்சள் மண்டியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது கேபினெட்டின் துளைகளிலெல்லாம் மஞ்சள் தூள் அடைந்திருந்தது. ஈரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு அந்த வாசனை பழகிப்போனது. கூடவே வந்த கணக்குப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார்.

“நேத்து கடை சாத்தற நேரமுங்க. அப்டேட்டுன்னு ஒண்ணு வந்து, தானா ஆஃப் ஆகித் தானா ஆன் ஆச்சுங்க. திரையில கோடு பாதி ஓடியிருக்கும், கரன்ட் போயிருச்சுங்க. யுபிஎஸ்ஸும் நிக்கல. அப்பறம் போட்டா ஃபேன் மட்டும் சுத்துதுங்க, வேற ஒண்ணையும் காணம்.”

கேட்டதுமே, கம்ப்யூட்டரை எழுப்பும் முதல் நிரலான பயாஸ் போயிருக்கிறது என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் கேட்ட கதையை வைத்து நான் பயாஸ் சிப்பில் கை வைப்பதில்லை. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை என்று என் மேஜைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை, ரேமை எடுத்து அதன் தங்கநிறக் கால்களை அழிரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகியதும் எழுந்துவிடும். சிலவற்றில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருக்கும். சிலவற்றில் 3 வோல்ட் காட்ட வேண்டிய நாணய பேட்டரி செத்துக் கிடக்கும். இதையெல்லாம் ஒதுக்கிய பிறகுதான் பயாஸின் பெயரையே எடுப்பேன்.

அதற்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. போர்டின் ஸ்பீக்கர் முனையில் சின்னதாக ஒரு பஸ்ஸரை மாட்டிவிட்டு, ரேம் அத்தனையையும் கழற்றிவிட்டுப் பவர் போடுவது. நல்ல போர்டு ரேமைக் காணோம் என்று விட்டுவிட்டுக் கத்தும். கத்த வைப்பது பயாஸில் இருக்கும் நிரல்தான். ஆக, சத்தம் வந்தால் பயாஸ் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. ரேமே இல்லாமலும் போர்டு வாயைத் திறக்கவில்லை என்றால்தான் சந்தேகம் பிராசசர், அதற்குப் போகும் மின்சாரம், பயாஸ் என்ற மூன்றுக்குள் வந்து நிற்கும். மண்டிக் கம்ப்யூட்டர் கத்தவில்லை. அதன் பிராசசரை வேறொரு போர்டில் போட்டேன், ஓடியது. காயில்களில் மீட்டரை வைத்தேன், வோல்டேஜ் இருந்தது. மிச்சம் பயாஸ்தான்.

இப்போதைய போர்டுகள் பலவற்றில் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். அசூஸின் பயாஸ் ஃப்ளாஷ்பேக், ஜிகாபைட்டின் கியூ-ஃப்ளாஷ் பிளஸ் உள்ள போர்டில் பிராசசரும் ரேமும் இல்லாமலே பென்டிரைவிலிருந்து சிப்பை நிரப்பலாம். பல டெல் கம்ப்யூட்டர்களில் கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும், ஹெச்பியில் விண்டோஸ் விசையையும் பி-யையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பவர் போட்டால் மீட்புத் திரை வரும். முதலில் இவற்றைத்தான் முயல வேண்டும். மண்டிக் கம்ப்யூட்டரும் பிராண்டட் வகைதான். அதற்குரிய விசைகளை அழுத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை.

பவர் வந்ததும் பிராசசர் முதன்முதலில் படிக்கப் போகும் முகவரி, 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. சிப்பின் கடைசிப் பகுதி அந்த இடத்தில்தான் வந்து பொருந்தும். பயாஸின் தொடக்க நிரலான பூட் பிளாக் குடியிருப்பதும் அங்கேதான். மற்றதெல்லாம் அழிந்து அது மட்டும் பிழைத்திருந்தால்கூட, கத்தவும் பென்டிரைவைத் தேடவும் அதற்குத் தெரியும். அதுவும் போன பிறகு விசையை அழுத்துவது, ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவதுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் 1999-ஐப் பற்றி அடிக்கடி பேசுவார். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய சிஐஹெச் வைரஸ், அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று உலகத்தின் பல பக்கங்களில் ஒரே நாளில் கிளம்பியது. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்ததோடு நிற்காமல், எழுத இடம்கொடுத்த போர்டுகளில் பயாஸையும் குப்பையாக்கியது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் ரோம் சிப்பில் இருந்தது, ஓடுகிற கம்ப்யூட்டர் அதைத் திருத்தவே முடியாது. ஃப்ளாஷ் சிப் வந்துதான் திருத்தும் வசதி வந்தது. கெடும் வாய்ப்பும் அதோடு கூடவே வந்தது.

அன்றைய சிப்கள் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். அதே மாடலில் நல்ல போர்டு ஒன்றை ஆன் செய்து, டாஸ் வரைக்கும் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பை எடுத்துவிட்டு, செத்த சிப்பை அதே சாக்கெட்டில் செருகி எழுதுவார்களாம். பயாஸ் அதற்குள் ரேமுக்கு நகலாகியிருக்கும், அதனால் போர்டு விழாது. சிப்பை எடுக்கும்போது கை கொஞ்சம் சாய்ந்தால் இரண்டு போர்டும் போய்விடும். அண்ணன் சிப்பின் அடியில் தையல் நூலைக் கொடுத்து நேராகத் தூக்குவாராம். அந்த நிதானத்தை நான் அவரிடம் மற்ற வேலைகளில் பார்த்திருக்கிறேன், இதை மட்டும் காதால் கேட்டதோடு சரி.

இன்றைய சிப்புக்கு எட்டுக் கால். கட்டைவிரல் நகத்தில் பாதிகூட வராது. பெரும்பாலும் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்திருப்பார்கள். இதில் இருந்தது 25க்யூ128 வகை. 128 என்பது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் 16 மெகாபைட். ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாம், எழுதியது 20 ஆண்டுக்கு மேல் நிற்கும் என்கிறது டேட்டாஷீட். சிப் தானாகச் சாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ இடறிவிடுவதுதான் நடக்கிறது.

மின் வயரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, பவர் பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். சிப்பைப் படித்து எழுதும் புரோகிராமரை மாட்டும் முன் மீட்டரை எடுங்கள் என்று என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பேன். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஹெச்341ஏ புரோகிராமர்கள் பலவற்றில் சிப்புக்குப் போகும் சப்ளை 3.3 வோல்ட்தான். தரவுக் கால்களில் மட்டும் 5 வோல்ட் நிற்கும். சிப் பல நேரம் தாங்கிக்கொள்ளும். ஆனால் போர்டில் வைத்தே படிக்கும்போது அந்த 5 வோல்ட் சிப்செட் வரைக்கும் போகிறது, அது தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1.8 வோல்ட் சிப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய என் புரோகிராமரில் 5 வோல்ட் வரும் காலைத் தூக்கி 3.3-இல் இணைத்து வைத்திருக்கிறேன்.

புரோகிராமரின் கிளிப்பில் உள்ள சிவப்புக் கம்பியைப் புள்ளி போட்ட ஒன்றாம் காலில் உட்காரவைத்துப் படித்தேன். எழுதவில்லை, படிக்க மட்டும் செய்தேன். இரண்டு முறை படித்து ஒப்பிட்டால் ஒத்துவரவில்லை. கிளிப் வழியாகப் போகும் மின்சாரத்தைப் போர்டின் மற்ற பாகங்களும் குடிக்கும். அரைத் தூக்கத்தில் விழித்த சிப்செட் நடுவில் குறுக்கிடும். அப்படிப் படித்த கோப்பை நம்பக் கூடாது. ஹாட் ஏரில் சிப்பைத் தூக்கித் தனியாக வைத்து மூன்று முறை படித்தேன். 1,67,77,216 பைட், மூன்றிலும் ஒரு பைட் மாறவில்லை. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

கெட்டுப்போன சிப்பைப் படித்து வைக்க இவ்வளவு பாடா என்று யாரும் கேட்கலாம். 2014-இல் நானே அப்படித்தான் நினைத்தேன். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே மாடலில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் பயாஸ் போய்விட்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரின் சிப்பை முழுசாகப் படித்து, செத்த சிப்பில் அப்படியே எழுதினேன். பழையதை எடுத்து வைக்கவில்லை. உடனே டிஸ்ப்ளே வந்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் போன் வந்தது. இரண்டும் சேர்ந்து ஓடினால் நெட்வொர்க் அறுந்து அறுந்து போகிறதாம். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். மூன்று நாள் அலைந்த பிறகு தெரிந்தது, இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி. ஒன்றின் நிரலோடு அதன் அடையாளத்தையும் சேர்த்து மற்றதில் பதித்திருக்கிறேன். சீரியல் எண்ணும் ஒன்று, விண்டோஸ் சாவியும் ஒன்று. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிராண்டட் கம்ப்யூட்டர்களில் அந்தச் சாவியை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டுவதில்லை, பயாஸ் சிப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். மேக் முகவரியைப் போர்டின் ஸ்டிக்கரைப் பார்த்துத் திருத்த முடிந்தது. சாவியை மீட்க வழியே இல்லை, நானே அழித்துவிட்டேன். என் கைக்காசில் புது உரிமம் வாங்கிக் கொடுத்தேன். ஆடிட்டர் கோபப்படவில்லை. “கறையான் அரிச்ச லெட்ஜரா இருந்தாலும் நாங்க தூக்கிப் போடமாட்டோம் தம்பி, நமக்கு வேண்டிய வரி அதுல இருந்துரும்” என்றார்.

இப்போது என் மேஜையில் இருந்ததும் அப்படி அரித்துப்போன லெட்ஜர்தான். இன்டெல் போர்டின் சிப்பில் முதல் 4 கேபி, டிஸ்கிரிப்டர் என்ற வரைபடம். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் இருக்கும். நெட்வொர்க்குக்கு ஒரு சின்னப் பகுதி, மேக் முகவரி அதில். எம்இ என்று சுருக்கிச் சொல்லும் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கு ஒரு பகுதி. அது கெட்டால் பல மாடல்களில் கம்ப்யூட்டர் எழுந்தும் 30 நிமிடத்தில் தானாக அணையும். கடைசியில் பயாஸ்.

ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பின் கடைசிக்குப் போனேன். பூட் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். ஃப்ளாஷ் சிப்பை அழிப்பது என்றால் எல்லா பிட்டையும் 1 ஆக்குவது. அதற்குப் பிறகே வேண்டிய இடங்களில் 0 எழுத முடியும். அழித்துவிட்டு இன்னும் எழுதாத இடம்தான் எஃப்எஃப்பாகத் தெரியும். மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நிரல் அடர்த்தியாக வந்து, பிளாக்கின் விளிம்பில் சட்டென்று நின்றிருந்தது. மண்டியில் கரன்ட் போன கணம் அது. கொஞ்ச நேரம் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனாலும் பார்க்காமல் கடந்துபோக முடிவதில்லை.

டிஸ்கிரிப்டர், நெட்வொர்க், எம்இ மூன்றும் காயமில்லாமல் இருந்தன. சீரியலும் சாவியும் இருக்கும் இடத்தையும் அப்டேட் தொட்டிருக்கவில்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அதே மாடலுக்கான கோப்பை இறக்கி, யூஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளில் பிரித்தேன். இறக்கும் கோப்பில் பெரும்பாலும் மேலுறை ஒன்று இருக்கும், அதை அப்படியே சிப்பில் எழுதினால் எல்லாம் இடம் தள்ளிப்போய்விடும். உதாரணமாக அசூஸின் கேப் கோப்புகளில் முதல் 2048 பைட்டை வெட்ட வேண்டும். பழைய கோப்பின் நகல் ஒன்றில் நிரல் பகுதி முழுவதையும் புதியதால் நிரப்பினேன். அழிந்த இடத்தை மட்டும் நிரப்பினால் போதாதா என்றால், பாதி ஒரு பதிப்பும் பாதி வேறு பதிப்பும் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அடையாளப் பகுதிகளில் கை வைக்கவில்லை. அளவு அதே 1,67,77,216.

எழுதி, சரிபார்த்து, சிப்பைத் திரும்பப் போர்டில் உட்காரவைத்தேன். ஃப்ளக்ஸைத் துடைத்தேன். ரேம் போடாமலே பவர் கொடுத்தேன்.

போர்டு கத்தியது. கணக்குப்பிள்ளை பதறி எழுந்தார். “நல்ல சத்தமுங்க, உக்காருங்க” என்றேன்.

ரேமைப் போட்டதும் திரை வந்தது. பேட்டரியை எடுத்திருந்ததால் தேதி பல வருடம் பின்னால் கிடந்தது, திருத்தினேன். விண்டோஸ் எழுந்தது, உரிமமும் இருந்தது. பில் போடும் மென்பொருளைத் திறந்து கணக்குப்பிள்ளை முந்தின நாளின் கடைசி பில்லைத் தேடிப் பார்த்தார். ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன், ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இன்னும் ஒரு வேலை இருந்தது. போர்டின் ஓரத்து ஸ்டிக்கரில் படிந்திருந்த மஞ்சளை விரலால் துடைத்துவிட்டு, அதில் அச்சிட்டிருந்த மேக் முகவரியைப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன்.