லிங்க்கா... பட்டனா?

இன்டர்ன்ஷிப்னு சொன்னதும் ஏ.சி. ரூம், கழுத்துல ஐ.டி. கார்டு, மெஷின் காபினு கற்பனை ஓடுதா? மூணும் நிஜம்தாங்க. ஆனா எனக்குக் கிடைச்ச முதல் வேலை என்ன தெரியுமா? ஒரே ஒரு 'அப்ரூவ்' லிங்க்! 'ப்பூ, இவ்ளோதானா?'னு நீங்க நினைக்கறதைத்தான் நானும் நினைச்சேன்.

விஷயம் இதுதான். லேடீஸ் ஹாஸ்டல்களுக்கான அவுட்பாஸ் சாஃப்ட்வேர் அது. மாணவி அப்ளை பண்ணணும். வார்டன் ஸ்க்ரீன்ல பேர்கள் வரிசையா வரும். பேருக்குப் பக்கத்துல 'அப்ரூவ்'. வார்டன் அதை அமுக்கினா கேட்ல இருக்கற வாட்ச்மேன் அண்ணாவோட ஸ்க்ரீன்ல பச்சை டிக் விழும். நானும் ஹாஸ்டல்வாசிதான். அந்தப் பச்சை டிக்கோட அருமை எனக்கு நல்லாவே தெரியும்!

சாஃப்ட்வேர் எழுதப்பட்டது ரூபி ஆன் ரெயில்ஸ்ல. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹெய்ன்மையர் ஹான்சன் 2004-ல வெளியிட்டது. கிட்ஹப், ஷாப்பிஃபைல ஆரம்பிச்சு நம்ம சென்னையில பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க் வரைக்கும் இதை நம்பி வளர்ந்தவைதான்.

இதுல 'ரூட்ஸ்'னு ஒரு ஃபைல் உண்டு. ஜங்ஷன்ல வண்டியை எந்தத் தண்டவாளத்துல திருப்பணும்னு முடிவு பண்ற பாயின்ட்ஸ்மேன் மாதிரி. வர்ற முகவரியைப் பார்த்து, கன்ட்ரோலருக்குள்ள எந்த ஆக்‌ஷனுக்கு அனுப்பணும்னு சொல்லும். 'ரிசோர்சஸ்'னு ஒரே வரி எழுதினா ஏழு ஆக்‌ஷனுக்குப் பாதை ரெடி. இண்டெக்ஸ், ஷோ, நியூ, எடிட், கிரியேட், அப்டேட், டெஸ்ட்ராய். 'அப்ரூவ்' இந்த ஏழுல கிடையாது. எட்டாவது தண்டவாளத்தை நாமதான் போடணும். ஒரு குறிப்பிட்ட அவுட்பாஸுக்குன்னா 'மெம்பர்'னு போடணும். முகவரியில அதோட நம்பர் வரும். மொத்த லிஸ்ட்டுக்குன்னா 'கலெக்‌ஷன்'. நம்பர் வராது. டெர்மினல்ல 'ரெயில்ஸ் ரூட்ஸ்'னு அடிச்சா மொத்த டைம்டேபிளும் கண் முன்னாடி வந்துடும்.

சரி, இதுல என்ன சிக்கல்? பாதைக்கு முகவரி மட்டும் போதாது, ஒரு வினைச்சொல்லும் வேணும். கெட், போஸ்ட், பேட்ச், டெலீட்... இப்படி. எங்க ப்ராஜெக்ட்ல 'அப்ரூவ்' பாதை ஏற்கெனவே 'பேட்ச்'னு எழுதியிருந்தது. ஆனா சாதாரண லிங்க்கை அமுக்கினா போறது எப்பவும் 'கெட்'தான். ரெண்டும் பொருந்தலைன்னா 'நோ ரூட் மேட்சஸ்'னு சிவப்பா ஒரு பக்கம் வந்து முறைக்கும்.

பக்கத்து சீட் இன்டர்ன் உடனே ஐடியா கொடுத்தான். "ஏய், ரூட்ல பேட்ச்சைத் தூக்கிட்டு கெட்னு போடு. ஒரு வார்த்தைதானே? வெள்ளிக்கிழமை டெமோ இருக்கு!"

டீம் லீடர் அக்கா காதுல விழுந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க... "தாராளமா மாத்தலாம். ஆனா லிங்க்கை மனுஷங்க மட்டும்தான் தொடுவாங்கன்னு யாருப்பா சொன்னது?"

ரயில்வே ஸ்டேஷனையே எடுத்துக்கோங்க. விசாரணை கவுன்டர்ல 'வண்டி எப்ப வரும்?'னு நூறு தடவை கேளுங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. கேன்சலேஷன் கவுன்டர்ல ஒரே ஒரு தடவை ஃபாரத்தை நீட்டுங்க, டிக்கெட் காலி! 'கெட்' விசாரணை கவுன்டர். 'பேட்ச்', 'டெலீட்' எல்லாம் ஃபாரம் நீட்டற கவுன்டர். கெட்ங்கிறது பார்க்கறதுக்கு மட்டும்தான்னு 1999-ல வந்த ஹெச்.டி.டி.பி. விதிகளே சொல்லுது. அதை நம்பித்தான் பல சாஃப்ட்வேர்கள் லிங்க்குகளை நம்மளைக் கேட்காமலே திறந்து பார்க்குது.

2005 மே மாசம் கூகுள் 'வெப் ஆக்ஸிலரேட்டர்'னு ஒண்ணை வெளியிட்டது. பக்கம் வேகமா வரணும்னு, நீங்க க்ளிக் பண்றதுக்கு முன்னாடியே லிங்க்குகளைத் திறந்து எடுத்து வெச்சுக்கும். பேஸ்கேம்ப் மாதிரி அப்ளிகேஷன்கள்ல 'டெலீட்'டும் ஒரு சாதா லிங்க்காவே இருந்தது. விளைவு? யாரும் தொடாமலே தகவல்கள் அழிஞ்சது! 'நிச்சயமா அழிக்கலாமா?'னு கேக்கற ஜாவாஸ்கிரிப்ட் பெட்டியை அந்த சாஃப்ட்வேர் கண்டுக்கவே இல்லை. ரெயில்ஸ் பிறந்ததே அந்த பேஸ்கேம்ப் வீட்டுலதான்ங்கிறது இதுல பெரிய வேடிக்கை.

'அது பழைய கதை'ங்கறீங்களா? 2024-ல வந்த டர்போ 8, லிங்க் மேல மவுஸ் கொஞ்சம் நின்னாலே அந்தப் பக்கத்தை முன்கூட்டியே எடுக்கும். எங்க ப்ராஜெக்ட்ல இருக்கறதும் அதுதான். என் லேப்டாப்ல டம்மி பேர்களைப் போட்டு, கெட்னு மாத்தி டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். க்ளிக் பண்ணலைங்க... மவுஸை லிங்க் மேல நிறுத்தினேன், அவ்ளோதான். ஸ்டேட்டஸ் 'அப்ரூவ்டு'!

எனக்கு பக்குனு ஆயிடுச்சு. ராத்திரி எட்டரைக்கு ஒரு அம்மா போன் பண்ணி "என் பொண்ணு எங்க மேடம்?"னு கேட்டா, ரெக்கார்டு என்ன சொல்லும்? வார்டன்தான் அனுப்பினாங்கன்னு சொல்லும். அவங்களோ அந்தப் பேரைப் படிச்சிருக்கவே மாட்டாங்க. யார் பதில் சொல்றது?

அதனால ரூட்டை நான் தொடவே இல்லை. லிங்க் இருந்த இடத்துல 'பட்டன் டு' போட்டேன். பார்க்க ஒரு பட்டன், உள்ளே ஒரு குட்டி ஃபாரம். பேட்ச்சா போகும். கூடவே ஒரு ரகசிய டோக்கனும் போகும். வேற வெப்சைட்லேர்ந்து யாரும் திருட்டுத்தனமா அனுப்பலையேன்னு ரெயில்ஸ் அதை வெச்சு செக் பண்ணும். கெட்டுக்கு இந்த செக்கிங்கே கிடையாது. பட்டன் அழகா இல்லைன்னா சி.எஸ்.எஸ். போட்டு லிங்க் மாதிரி காட்டிக்கலாம். வேஷம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வினைச்சொல் சரியா இருக்கணும்.

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லயும் 'டெலீட்', 'கேன்சல்', 'அப்ரூவ்' எல்லாம் இருக்குமே? இன்னிக்கு ராத்திரி ரூட்ஸ் லிஸ்ட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அதுல எதுக்காவது முன்னாடி 'கெட்'னு இருந்தா, டெமோவுக்கு முன்னாடி மாத்திடுங்க. மவுஸ் போற வழியில ஒருத்தரோட கையெழுத்து விழுந்துடக் கூடாது பாருங்க!