ஒலிவாங்கி இல்லாத கையேடு

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில், இரண்டாம் ஆட்டக்காரரின் கைப்பிடிக்குள் ஓர் ஒலிவாங்கி இருந்தது. 1986இல் வந்த 'செல்டா' விளையாட்டில் பெருஞ்செவி அரக்கர்கள் உண்டு. ஒலிவாங்கியில் கத்தினால் மடிவார்கள். என்ன சொல் என்பது பொருட்டல்ல, ஓசை எழுந்தால் போதும்.

அமெரிக்காவில் விற்ற கருவியில் ஒலிவாங்கி இல்லை. அங்கே அம்புதான் ஆயுதம். ஆயினும், 1987இல் அங்கு வந்த கையேடு, அவ்வரக்கருக்குப் பேரொலி ஆகாது என்றே சொல்லியது. விளையாட்டுக்குள் கிடைக்கும் குழலை ஊதினாலும் பலனில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்கு இவ்வரக்கரே நினைவுக்கு வருகிறார்கள். குறிப்பு கடல் கடந்தது. அதற்குப் பொருள் தந்த குரல் கரையிலேயே நின்றுவிட்டது. பாட்டின் ஓசையை விட்டு, உரையை மட்டும் தேர்வில் கேட்கும் பாடத்திட்டமும் அத்தகைய கையேடுதானே?