ஜீப்புக்குள்ள சிலம்பம் சுத்த முடியுமா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறியிருக்கீங்களா? 17 கொண்டை ஊசி வளைவு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்ல மூச்சு விடவே இடம் இருக்காது.

அதுக்குள்ள ஒரு சண்டை வந்தா சிலம்பம் சுத்த முடியுமா? சான்ஸே இல்ல! கம்பே ஏறக்குறைய நம்ம நெற்றி உயரம். சுத்த இடம் வேணும், காலடி வைக்க சமதரை வேணும். பொட்டல்ல நின்னா மட்டும் நாலு பேரைக்கூட கிட்ட நெருங்க விடாது.

1950-களில் ஹாங்காங்கில் இப் மேன், புரூஸ் லீக்குச் சொல்லிக்கொடுத்த விங் சுன் குங்ஃபூ இதுக்கு நேர் எதிர். கை எட்டுற தூரம்தான் களம். எதிராளியோட உடம்பு நடுக்கோட்டைக் குறிவெச்சு நேரா குத்து. தடுப்பும் அடியும் ஒரே நேரத்துல. கராத்தே, டேக்வாண்டோ மாதிரி தலைக்கு எகிறுற உதை கிடையாது. அதுலயும் நீளக் கம்பு உண்டு. ஆனா சுழற்றாம, ஈட்டி மாதிரி குத்துவாங்க.

அப்போ எதைக் கத்துக்கறது? நெருக்கத்துக்கு நம்மகிட்டயும் குத்துவரிசை இருக்கு பாஸ்! போதாததுக்கு, அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீட்டுல 2021-ல் சிலம்பத்தையும் சேர்த்தாச்சு. விங் சுன் மாஸ்டரைத் தேடி அலையறதுக்கு முன்னாடி, உங்க ஊர் வாத்தியாரை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க!