அழைப்புப் பட்டியலும் பேரேடும்

சென்ற கோடை விடுமுறையில் நாற்பது நாள் யான் ஒரு வாணிக நிலையத்தில் தொலைபேசி அழைப்புப் பணி செய்தேன். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு அவ்விடத்தில் யாது வேலை என நண்பர் சிலர் நகைத்தனர். குடிநீரைத் தூய்மை செய்யும் இயந்திரங்களை விற்றுப் பழுதுபார்க்கும் நிலையம் அது. ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமாறு வாடிக்கையாளர்க்கு நினைவூட்டுவதே எம் பணி. காலை பத்து மணிக்கு ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால், மாலை ஆறு மணிவரை "வணக்கம் ஐயா" என்னும் சொல் வாயினின்றும் நீங்காது.

எமக்குத் தரப்பட்டது ஒரு பட்டியல். திங்கட்கிழமைதோறும் அது புதிதாக வரும். பெயருக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒரு கட்டம், பேச்சின் முடிவைக் குறிக்க ஒரு சிறு கட்டம்; அவ்வளவே. இன்னார் எந்த இயந்திரத்தை எந்த ஆண்டில் வாங்கினார், என்ன குறை கூறினார், அது தீர்ந்ததா என்பனவெல்லாம் வேறொரு கணினிப் பேரேட்டில் இருந்தன. அதனைச் சி.ஆர்.எம். என்று அழைப்பர். பட்டியல் அப்பேரேட்டினின்றே எடுக்கப்பட்டதாயினும், எடுத்த மாத்திரத்தில் தாயைப் பிரிந்த கன்று போலாயிற்று. யாம் குறித்த முடிவுகள் பட்டியலிலேயே நின்றன, பேரேட்டை எட்டவில்லை. வார இறுதியில் பழைய பட்டியல் கழிக்கப்படும்.

முதல் வாரத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் பெயரைச் சொல்லி அழைத்தேன். எடுத்தவர் ஓர் அம்மையார். "அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது, தம்பி" என்றார். யான் வருத்தந் தெரிவித்து, கட்டத்தில் "இறந்தார்" என்று எழுதி, என் கடமை முடிந்ததென எண்ணி அடுத்த எண்ணுக்குச் சென்றேன். மூன்றாம் வாரத்தில் அதே பெயர் எனக்கே வந்தது. நாளொன்றுக்கு நூறு பெயர் சொல்லும் நாவுக்குப் பெயர் நினைவிராது, யான் அறியவில்லை. அவர் அறிந்துகொண்டார். "நீ அன்றைக்குப் பேசின தம்பிதானே? உன்னிடம் சொன்னேனே. நடுவில் வேறொரு பெண்ணும் கேட்டாள், அவளிடமும் சொன்னேன். இன்னும் எத்தனை பேரிடம் நான் அதைச் சொல்ல வேண்டும்?" என்றார். சினந்து கூறியிருப்பின் தாங்கியிருப்பேன். அவர் மெல்லவே கேட்டார்.

அன்று மாலை மேற்பார்வையாளரிடம் இதனைச் சொன்னேன். வணிக அழைப்பு வேண்டாதார் 1909 என்னும் எண்ணில் பதிந்துகொள்ளலாமே என்றார் அவர். அப்படியொரு வசதி உள்ளது மெய்யே. எனினும் கேட்டவர்க்கு விடையளித்தவரைக் கதவடைத்துக்கொள்ளச் சொல்வது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

என் பாட்டனார் சிற்றூர்ச் சபையில் உபதேசியாராய் இருந்தவர். வீடு சந்திக்கப் புறப்படுங்கால் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பார். அன்று சந்திக்க வேண்டியவர் பெயர்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சபைக் குடும்பப் பதிவேட்டின் எண் இருக்கும். இரவு விளக்கருகில் அமர்ந்து, பகலில் அறிந்த பிறப்பு, நோய், பிரிவு அனைத்தையும் அவ்வெண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய பின்னரே உண்பார். ஊரில் அந்தோணி என்னும் பெயருடையார் ஐவர் இருந்தனர். பெயரை நம்பினால் ஒருவர் வீட்டு இழவு மற்றொருவர் ஏட்டில் ஏறிவிடும் என்பார். இதனையே 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளர் எட்கர் காட் கணினித் தரவுகளுக்கு உரிய நெறியாக வகுத்தார் என்பதைப் பின்னர் ஒரு நூலில் படித்தபோது, பாட்டனாரை எண்ணிச் சிறிது பெருமிதம் கொண்டேன்.

பட்டியலைப் பேரேட்டோடு இணைப்பது எவ்வாறெனின், பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளரின் பதிவெண்ணைச் சேர்த்து வைத்தலேயாம். தொலைபேசி எண்ணே போதாதா எனின், போதாது. ஓர் எண்ணைக் குடும்பத்தில் நால்வர் பயன்படுத்துவர். அறுபட்ட எண்ணைத் தொண்ணூறு நாள் கழித்து வேறொருவர்க்கு வழங்கலாம் என்பது நம் நாட்டு வழக்கம். மேலும் ஒருவர் பத்து இலக்கமாக எழுதுவார்; ஒருவர் முன்னே சுழியம் இடுவார்; ஒருவர் 91 இடுவார்; கணினிக்கு அவை மூன்றும் மூன்று எண்கள். பெயரின் நிலை இன்னும் மோசம். முதலெழுத்து முன்னே வருவதும் பின்னே வருவதும், ஜான் யோவானாவதும் நாம் அறிந்தவையே.

ஆளை இணைத்தால் மட்டும் போதுமா? அவர் இரண்டு இயந்திரம் வாங்கியிருக்கலாம். ஒன்றின்மீது முறையீடு நிலுவையில் இருக்கலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் மென்பொருளில் ஒவ்வோர் அழைப்புக் குறிப்புக்கும் "யார்" என ஒன்றும், "எது பற்றி" என ஒன்றுமாக இரண்டு இணைப்புகள் உள்ளன. புறநானூறு பயில்வோர்க்கு இது புதிதன்று. பாட்டின் அடியிலுள்ள குறிப்பு பாடினோர் யார், பாடப்பட்டோர் யார், துறை யாது எனச் சொல்லுகிறது. அக்குறிப்புச் சிதைந்த பாட்டுகளை வைத்துக்கொண்டு நாம் வகுப்பில் படும் பாட்டை ஆசிரியர் அறிவர்.

யான் விடாது கேட்டமையாலோ, வேறு முறையீடுகளும் வந்தமையாலோ, ஐந்தாம் வாரத்தில் மேலாளர் இணைப்புக்கு இசைந்தார். கணினியாளர் ஒருவர் பதிவெண்களைப் பொருத்தினார். பொருந்தாது நின்ற வரிகளைக் கையால் தேடும் பணி எனக்கும் வேறிருவர்க்கும் வாய்த்தது. மூன்று நாள் கண் வலித்தது. அதன்பின் அழைப்புச் செல்லும்போதே அவருடைய பதிவு திரையில் விரிந்தது. முடிவைக் குறித்தால் அது பேரேட்டிலேயே சென்று அமர்ந்தது.

அவ்வாறு தேடுகையில் அப்பெரியவரின் பதிவையும் கண்டேன். அவர் மறைவதற்கு முன்னரே, இயந்திரத்தில் நீர் சரியாக வரவில்லை என முறையிட்டிருந்தார். பார்க்க யாரும் செல்லவில்லை. அம்முறையீடு திறந்தபடியே கிடந்தது. மறைந்தவரிடம் பணம் கேட்டு மூன்று முறை அழைத்தோம். அவ்வம்மையார் இத்தனை நாள் எந்த நீரைப் பருகினார் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

மேலாளரிடம் சொல்லி, ஒப்பந்தப் பெயரை மாற்றவும் பழுதுபார்ப்பவரை அனுப்பவும் இசைவு பெற்றேன். முன்னரே அறிவிக்க வேண்டுமாதலின் மறுபடியும் அவ்வெண்ணை அழைக்க நேர்ந்தது. விரல் சற்றுத் தயங்கியது. அவரே எடுத்தார்.

"இப்போது யார் வேண்டும், தம்பி?" என்றார்.

திரையில் புதிதாக எழுதியிருந்த அவர் பெயரைச் சொன்னேன்.