கட்டுநாயக்காவில் கெங்குவார்பட்டிக்கு என்ன வாங்கலாம்?

கொழும்பு போன தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டிக்காரருக்கு, திரும்ப இறங்கப் பக்கத்து விமான நிலையம் மதுரை.
பறப்பது ஒரு மணி நேரம்.
பை நிறைவது அதற்கு முன்னால், கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவில்.

முதலில் தேயிலை.
பெட்டியில் வாளேந்திய சிங்க முத்திரை இருக்கணும். முழுக்க இலங்கையில் விளைந்து, அங்கேயே பொதி செய்த தேயிலைக்குத்தான் இலங்கைத் தேயிலைச் சபை அதைத் தரும்.
நுவரெலியா தேயிலை வெளிர் நிறம், நல்ல மணம். பால் இல்லாமல் குடிக்க ஏற்றது.
ருகுணை போன்ற தாழ்நிலத் தேயிலை கருத்து, கடுப்பாக இருக்கும். பால் ஊற்றி நுரைக்க ஆத்திக் குடிக்கிற தேனிப் பக்கத்துக்கு அதுதான் சரி.
(விலை கூடியதுதான் நல்லதுன்னு நுவரெலியாவை வாங்கி, பாலைக் கொட்டி, "சப்புன்னு இருக்கே" என்போர் உண்டு.)

அடுத்து தொதல்.
அரிசி மாவு, தேங்காய்ப்பால், கித்துள் வெல்லம் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது. கருத்து மினுங்கும், விரலில் எண்ணெய் ஒட்டும். காகிதத்தில் சுற்றினால் சட்டை வரைக்கும் ஊறும்.

கித்துள் பாணி, கூந்தற்பனைப் பதநீரைக் காய்ச்சியது. கொழும்புக் கடைகளில் வாங்கிய பாட்டில் 100 மி.லி.க்கு மேல் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள் போகணும்.

முந்திரி வேண்டாம். பண்ருட்டி எதுக்கு இருக்கு?

வருகைப் பகுதியில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்கூட விற்கிறார்கள். அவை நமக்கில்லை, வெளிநாட்டில் உழைத்துத் திரும்பும் இலங்கையருக்கானவை.

சாக்லேட்டும் தேவையில்லை, சாக்லேட்டுக்குப் பேர்போன கொடைக்கானலுக்குப் போகும் மலைச்சாலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கு.
ஆனா 'ஃபாரின் சாக்லேட்' இல்லாமல் வந்தவரை எந்த வீட்டில் உள்ளே விட்டிருக்காங்க?