சபரகமுவத் தோட்டங்களிற் கமராவுடன்

கமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுவோரை, இலங்கையில் எங்கே செல்கிறீர்கள் என்று கேட்டால், கண்டி, நுவரெலியா, எல்ல என்னும் பெயர்களே பெரும்பாலும் விடையாக வரும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த சபரகமுவ மாகாணம் அவர்களுக்கு வழியிலே கடந்து போகும் பூமி மட்டுமே. ஆயினும் உலகத்தார் திரையரங்குகளில் அமர்ந்து மூச்சடக்கிப் பார்த்த காட்சி ஒன்று இம்மாகாணத்திலேதான் படமாக்கப்பட்டது. அவ்விடத்தையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் கண்டு வரவே நாம் சென்றிருந்தோம்.

கொழும்பிலிருந்து அவிசாவளை சென்று, அங்கிருந்து ஹற்றன் வீதியிலே திரும்பினால், கரவனெல்லை, எட்டியாந்தோட்டை ஆகிய ஊர்களைக் கடந்து களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலையை அடையலாம். டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக இங்கே கங்கையின் குறுக்கே மரப்பாலம் ஒன்று கட்டினார்கள். 1957 மார்ச்சில் அதனை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொடர்வண்டியும் உடன் வீழ்ந்தது. பிரதமர் பண்டாரநாயக்க அவர்களே அதனைப் பார்க்க வந்திருந்தாராம். சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு என ஏழு ஒஸ்கார் விருதுகள் அப்படத்துக்குக் கிடைத்தன. இன்று எஞ்சியிருப்பவை கங்கைக் கரையிலே பாறையோடு பாறையாகக் கிடக்கும் கொங்கிறீற்று அடித்தளங்கள் மாத்திரமே. இறப்பர்ப் படகேறி நீர்ச்சுழிகளிலே குதூகலிக்கும் இளைஞர் கூட்டத்துக்கு அவற்றைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

அந்த அடித்தளத்தின் மேல் நின்றபோது வேறொரு நினைவு எம்மை வருத்தியது. கதையின் மூலமான பாலம் சயாமில் உள்ளது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம் - பர்மா இரயில் பாதையிலே ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளும், அவர்களிலும் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் வதைபட்டனர். அத்தொழிலாளருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோருக்குக் கணக்கும் சரியாக இல்லை. படத்திலோ வெள்ளைக்காரக் கைதிகளின் மிடுக்கான நடையும் சீழ்க்கையும் இருக்கின்றன, தமிழன் இல்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைகளுக்கிடையே கமராவை நிறுத்திவைத்து எடுத்த படம் அது என்பதை எண்ணும்போது, விருதுகளின் எண்ணிக்கை எமக்குச் சற்றே கசந்தது.

திரும்பும் வழியில் எட்டியாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றோம். கேகாலை மாவட்டத்திலே தேயிலையுடன் இறப்பரும் செழித்து வளர்கிறது. இறப்பர்க் காட்டைப் படம் பிடிக்க விரும்புவோர் வைகறையிலேயே எழ வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், பால்வெட்டும் பெண்கள் இருள் பிரியும் வேளையிலேயே மரத்தடிக்கு வந்துவிடுவர். சரிவாகக் கீறிய பட்டையின் வழியே வெண்பால் இறங்கிச் சிரட்டையிலே சொட்டுவதும், மேலே இலைகளுக்கிடையே கதிர்கள் நூல் நூலாக இறங்குவதும் காணக் கண் கோடி வேண்டும். வருடத் தொடக்கத்தில் இலையுதிர்ந்து செம்புநிறத் தளிர் விடும் நாட்களிலோ காடே வேறு காடாகிவிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வாழ்த்தட்டைகளிலும் விளம்பரங்களிலும் கிடைத்த இடத்தில் பத்திலொரு பங்குகூடப் பால்வெட்டும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பது எமது எண்ணம்.

எண்பது வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் தமது லயத்து வீட்டுக்கு எம்மை அழைத்துச் சென்றார். சுவரிலே கண்ணாடிச் சட்டமிட்ட பழைய படம் ஒன்று. தூணும் பூங்காவும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் ஆறு பேர் விறைப்பாக நிற்கின்றனர். "கடதாசி விசயத்துக்கு எடுத்த படம் தம்பி. அண்ணன் குடும்பம் கப்பலேறப் போறதுக்கு முந்தி, பாஸ்போட்டுக்குத் தனித்தனியா எடுத்தாங்க. ஸ்டூடியோக்காரர்தான், வந்ததுதான் வந்தீங்க, எல்லாரும் சேந்து ஒண்ணு எடுத்துக்கங்கன்னாரு. அது மட்டும் இல்லேன்னா அண்ணன் மூஞ்சியே எனக்கு மறந்திருக்கும்" என்றார்.

மாணவர்கள் இவ்விடத்திலே கொஞ்சம் சரித்திரம் அறிந்துகொள்ளல் நன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல்கள் ஓடின. நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. மூதாட்டியின் அண்ணன் கூடலூர்ப் பக்கத்திலே குடியேறி அங்கேயே காலமானாராம். இங்கே எஞ்சியோருக்கு முழுமையான தீர்வாக ஒரு சட்டம் வந்தது 2003 இல்தான். இத்தனை ஆண்டுக்காலமும் தோட்டத்து மனிதன் கமராவுக்கு முன் அமர்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காகவே. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது பத்திரங்களோடு சேர்ந்து படங்களும் சாம்பராயின. ஆகவே அந்தச் சுவரிலே தொங்கிய படத்தை நாம் சாதாரணமாகப் பார்த்துவிட்டு வர இயலவில்லை.

மூதாட்டியின் பேரன் பதினெட்டு வயது வாலிபன். கைத்தொலைபேசியிலே தான் எடுத்த காணொளிகளை எமக்குக் காட்டினான். தீமிதி, மழை வெள்ளம், பாட்டி பால் வெட்டும் காட்சி. பின்னணியிலே அவனுடைய குரல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறது. படம் சற்றே ஆடுகிறது, உண்மைதான். ஆயினும் பெயர்கள் ஆடவில்லை.

அவிசாவளைக்கு மீண்டு, எகலியகொடை, குருவிட்டை வழியாக இரத்தினபுரி அடைந்தோம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. இரத்தினக் கற்களைக் காட்டிலும் குடை அங்கே அவசியம். ஈரம் புகுந்தால் கமராவின் வில்லையிலே பூஞ்சணம் பூத்துவிடும். ஈரமுறிஞ்சும் பொட்டலங்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். 1912 இல் இவ்வூருக்கு வந்து பின்னர் ஒப்பநாயக்க வரை நீண்ட சிறிய இரயில் பாதை 1976 இல் மூடப்பட்டுவிட்டதால், பேருந்திலேதான் பலாங்கொடை செல்ல வேண்டும்.

பலாங்கொடையிலிருந்து மலையேறும் பாதை மாகாண எல்லையைக் கடந்து பொகவந்தலாவைக்குப் போகிறது. அங்கே தேவாலயம் ஒன்றின் முற்றத்திலே யூலியா மாகிரெட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. கல்கத்தாவிலே 1815 இல் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதிலே முதன்முதலாகக் கமரா பெற்று, டெனிசன், டார்வின் போன்ற பேரறிஞரின் முகங்களை அழியாச் சித்திரங்களாக்கிய அம்மையார் அவர். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டும். அவ்வாறு தோட்டத் தொழிலாளரும் அவருக்காக அசையாது நின்றனர். டெனிசனின் படத்திலே டெனிசன் என்ற பெயர் இருக்கிறது. இவர்களுக்கோ 'களுத்துறைக் குடியானவர்' என்றாற்போன்ற தலைப்புக்களே கிடைத்தன. அம்மையாரின் கலைத்திறனைக் குறைத்துச் சொல்ல எமக்கு மனமில்லை. பார்க்கும் கண்ணை மயக்கும் படங்கள் அவை. ஸ்கோவன், 1890 இல் தொடங்கிய பிளேட்டே முதலிய நிறுவனங்கள் கொழுந்துக்கூடை சுமந்த பெண்களை அஞ்சலட்டைகளாக்கி உலகமெங்கும் விற்றன. 1934 இல் தேயிலைப் பிரசாரச் சபைக்காக பசில் ரைட் எடுத்த 'இலங்கைக் கீதம்' என்னும் செய்திப்படம் இன்றும் மாணவர் பயிலும் அரிய படைப்பு. அதிலும் கொழுந்து பறிப்போர் வருகின்றனர், போகின்றனர்.

விடுமுறையிலே இப்பக்கம் வர எண்ணும் இளைஞருக்குச் சில வார்த்தைகள். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட வெளிச்சமே தேயிலை மலைக்கு உகந்தது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய கூலி குறையும். ஆகையால் வேலை செய்வோரை நிறுத்திப் படம் கேட்காதீர்கள். தேநீர் வேளையிலே சென்று, அனுமதி பெற்று, பெயரைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"படம் புடிச்சா எங்களுக்கும் ஒண்ணு வருமா தம்பி?" என்று விடைபெறும்போது மூதாட்டி கேட்டிருந்தார். அனுப்புகிறோம் அம்மா என்று கூறி விலாசம் கேட்டோம். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசம் இன்றும் இல்லை. கடிதம் யாவும் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே கைமாற வேண்டும். பேரன் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம் மூன்றையும் எழுதித் தந்தான். பின்பு யோசித்து, தெருமுனையிலுள்ள கடையின் விலாசத்தையும் அதன் கீழே எழுதினான். படத்தை இரண்டு பிரதிகள் போட்டு, இரண்டு விலாசங்களுக்கும் ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறோம்.