அம்மா நீட்டிய குடை

ஹாலிஎலப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த என் தம்பிக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. தோட்டத்துச் சங்கு, கொழுந்து நிறுவை, பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி ஆகிய மூன்றுமே அவனது நாளை வகுத்தன. ஒன்று பிந்தினாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். புகைவண்டி பிந்தாத வாரமோ அபூர்வம். ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அந்த அலறலுக்கு மறைவிடம் ஏது?

அது ஓட்டிசம் என்று நாங்கள் அறியுமுன்னரே அயலார் காரணம் கண்டுவிட்டனர்: குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கச் சென்ற தாய்! இதனைத் தோட்டத்து அறியாமை எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. 1943 இல் இந்நிலையை விவரித்த லியோ கனர், இத்தகைய பெற்றோருள் கனிவுடையோர் மிகச் சிலரே என்றார். ஓட்டிசமுள்ள மகனின் தந்தையான பேர்னாட் றிம்லன்ட், இது உடலியற் காரணத்தால் விளைவது என 1964 இலேயே வாதிட்டார். எனினும் 1967 இல் புருனோ பெற்றல்ஹைம் பெற்றோர்மீது பழி சுமத்தி ஒரு நூலே எழுதினார். கற்றோரும் மற்றோரும் அம்மாவை ஒரே கூண்டில் நிறுத்தினர்.

அம்மா கண்ட வழி எளியது. விறகுக்குப் போவதாயின் முதலில் கயிற்றை அவன் கையில் கொடுப்பார். பதுளைக்குப் பஸ் ஏறுவதாயின் குடையை. சொல் எட்டாத இடத்தைப் பொருள் எட்டியது. இம்முறையை நூல்களில் நான் பின்னரே படித்தேன். ஆயின், அவன் அலறிய நாள்களில் கொழுந்தின் நிறை குறைந்து அம்மாவுக்கு அரைப்பேர் மட்டுமே விழுந்த கணக்கு அந்நூல்களில் இல்லை.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. குடையை எடுத்துக் கொடுக்க என் மனைவியும் பழகிவருகிறார். அவர் நீட்டினால் தம்பி இன்னும் வாங்குவதில்லை.